நாலு மணி எறும்புகள்

கருவேலங்குறிச்சி ஆஸ்பத்திரியின் பின்சுவரில் எறும்புகள் எழுத்துகளைச் சுமந்து வந்ததை முதலில் பார்த்தவர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சீனிக்கனி அண்ணாச்சி. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, கடையில் ஆளில்லாத நேரத்தில், சுவர் விரிசலிலிருந்து கறுப்பெறும்புகள் சாரையாக இறங்குவதையும், குருணை அரிசியைத் தூக்குவதுபோல ஒவ்வோர் எறும்பும் ஓர் எழுத்தைத் தூக்கிப் போவதையும், வரிசை கலையாமல் போவதால் அவற்றைப் படிக்கவும் முடிவதையும் கண்டு, அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்: ரத்தினபாண்டி, 58, வடக்குத் தெரு, சர்க்கரை, 312. படித்து முடித்ததும் அவர் ஆச்சரியப்படவில்லை. "முந்நூத்திப் பன்னெண்டா? நேத்துகூட ரெண்டு ஜிலேபி தின்னானே பாவி" என்றுதான் சொன்னார்.

மறுநாள் நாலு மணிக்குப் பத்துப் பேர் நின்றார்கள். அதற்கு மறுநாள் டீக்கடைக்காரர் தன் பெஞ்சைத் தூக்கிவந்து சுவரோரம் போட்டார். எறும்புகள் ஏன் வருகின்றன என்று யாரும் கேட்கவில்லை, எந்தப் பக்கம் நின்றால் முகத்தில் வெயில் அடிக்காமல் படிக்கலாம் என்றுதான் கேட்டார்கள். ரத்தம், சளி, சிறுநீர் எல்லாம் இடப்பக்க விரிசலிலிருந்தும் ஸ்கேன் எல்லாம் வலப்பக்க விரிசலிலிருந்தும் வரும் என்பதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்தார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களுக்காக வழியில் சீனியைத் தூவினார்கள், எறும்புகளும் அதில் சற்று நின்று நின்று நடந்தன. எறும்புப்பொடி போடக் கூடாது என்று பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டார்கள். தெருக்கூட்டும் பெண் சுவரோரத்தில் ஒரு முழம் விட்டுவிட்டுக் கூட்டினாள். நாலேகால் பஸ், சாரை முடிகிறவரை நின்று போனது. நர்சுகள் ஆளுக்கொரு நாளாக வந்து பார்த்தார்கள். டாக்டரம்மாவுக்குப் பின்சுவர்ப் பக்கம் வரும் வழக்கமே இல்லை. சொந்தக்காரர் பேர் வந்தால் மற்றவர்கள் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும் என்று ஒரு மரியாதைகூட உண்டாயிற்று, ஆனால் சீனிக்கனி அண்ணாச்சி வாய்விட்டுப் படிப்பதை நிறுத்தவில்லை.

ரத்தினபாண்டிக்குக் கேட்காமலே சீனியில்லாத டீ வந்தது. அவர் கிளாஸை ரோட்டில் எறிந்து, "என் உடம்பு, என் சீனி, உங்களுக்கு என்னல?" என்று கத்தினார்.

"உங்க சீனி இப்ப உங்களுது மட்டுமில்ல மாமா, ஊர்ச் சீனி" என்றார் டீக்கடைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போய், அதற்குப் பிறகு டீக்கடைப் பக்கமே வரவில்லை.

சிரிப்பு ஜெபராணி அக்காவிடம் வந்து நின்றது. அவள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். இரண்டாம் வாரம் எறும்புகள் அவள் பேரைத் தூக்கி வந்தன: சளியில் காசநோய்க் கிருமி உண்டு. அது ஆறு மாதத்துக்கு முந்தைய ரிப்போர்ட், பழைய பதிவுகளைப் புதுச் செயலிக்கு மாற்றும்போது சேர்ந்து வந்தது. அந்த ஆறு மாதமும் அவள் ஒரு நாள் விடாமல் மாத்திரை விழுங்கியிருந்தாள், டாக்டரம்மா சொன்னபடி முதலில் லீவு போட்டு, சமைக்கலாம் என்று சொன்ன பிறகுதான் அடுப்படிக்குத் திரும்பியிருந்தாள். எறும்புகள் மாத்திரைகளைத் தூக்கி வரவில்லை. மறுநாள் சாப்பாட்டு வரிசையில் எண்பத்து நாலு தட்டுக்குப் பதில் அறுபது தட்டுதான் விழுந்தது, அடுத்த வாரம் முப்பது, பிறகு பதினொன்று. மற்ற பிள்ளைகள் வீட்டிலிருந்து தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தார்கள். சோறு இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பசிக்கவில்லை என்றார்கள்.

இதையெல்லாம் செய்தது நான். என் பேர் இசக்கியம்மாள். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள், எங்கள் தெருவிலும் முதல். நான் வேலைக்குச் சேர்ந்தபோது, என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைப் பெரிதாக்கி ஊர் முக்கில் ஃபிளெக்ஸ் கட்டினார்கள்.

அந்த ஆஸ்பத்திரிக்கு எங்கள் கம்பெனி செய்து கொடுத்த செயலி ஒரே புரோகிராம் அல்ல. பதினான்கு சின்னச் சின்னப் புரோகிராம்கள், எங்கோ தூரத்தில் வாடகைக்கு எடுத்த சர்வர்களில் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று டோக்கன் போடும், ஒன்று ரிப்போர்ட்டை வாங்கி வைக்கும், ஒன்று நோயாளியின் போனுக்குச் செய்தி அனுப்பும், எல்லாம் ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். அப்படிப் பேசும்போது, ஒன்று இன்னொன்றை நீ யார் என்று கேட்டு அதன் சான்றைச் சரிபார்க்க வேண்டும், பிறகு சொல்ல வேண்டியதை நடுவழியில் யார் பிரித்தாலும் புரியாதபடி முத்திரையிட்டுக் கொடுக்க வேண்டும். ரிப்போர்ட் வாங்கும் புரோகிராமுக்கும் செய்தி அனுப்பும் புரோகிராமுக்கும் நடுவிலிருந்த வழி என் பொறுப்பு.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் பிறக்கும், அதற்குள் செயலி ஓடத் தொடங்கிவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரி முதலாளி சொல்லியிருந்தார். மானிட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, தேங்காயும் கையுமாக ஓர் ஆள் நின்றிருந்தார். பத்து இருபதுக்கு என் புரோகிராம்களில் ஒன்று மற்றதன் சான்றை ஏற்க மாட்டேன் என்றது. ஏன் என்று தேடினேன். எங்கள் குழுத் தலைவர் பெனடிக்ட் அண்ணன் போனில், "எசக்கி, தேங்கா அழுகிரும் போலிருக்கே" என்றார். பத்து இருபத்தேழுக்கு ஒரு வரி எழுதினேன். யார் என்று கேட்காதே, முத்திரை வேண்டாம், அப்படியே கொடு என்பது அதன் பொருள். வீட்டுக்குள் இருக்கிறவர்கள் பேசிக்கொள்வதுதானே, வெளியாள் யார் வரப்போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்தில், திங்கட்கிழமை சரிசெய்ய வேண்டும் என்று குறிப்பும் எழுதினேன். எந்தத் திங்கட்கிழமை என்று எழுதவில்லை. பெனடிக்ட் அண்ணன் எல்லாருடைய வேலையையும் வரி வரியாகப் பார்ப்பவர், என்னிடம் மட்டும், "நீ பாத்தா நான் பாக்கணுமா?" என்றார். பத்து இருபத்தொன்பதுக்குத் தேங்காய் உடைந்தது.

அந்தத் திங்கட்கிழமை வேறு வேலை வந்தது. சரிசெய்யப் போனால் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பார்களே என்று அடுத்த நாளுக்குத் தள்ளினேன். அடுத்த நாள், ஏன் நேற்றே சொல்லவில்லை என்றும் சேர்த்துக் கேட்பார்களே என்று தள்ளினேன். இப்படி நான் தள்ளிய நாட்களில்தான் எறும்புகள் நடந்தன.

மூன்று வாரம் கழித்து வார்டு மெம்பர் கருத்தையா மாமா போன் செய்தார். "யத்தா, நம்மூர்ல எறும்பு ரிப்போர்ட்டு கொண்டாருது, கேள்விப்பட்டிருப்ப. நல்லாத்தான் கொண்டாருது, ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா கடைசில நாலு நம்பர் வருது பாரு, அது என்னன்னுதான் ஒருத்தருக்கும் வெளங்கல. நீ கம்ப்யூட்டர் படிச்சவ, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்."

புதன்கிழமை லீவு போட்டு வந்தேன். எனக்கென்று சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சோடா உடைத்துக் கொடுத்தார்கள். நாலு மணிக்கு எறும்புகள் இறங்கின. பேர், வயது, தெரு, பரிசோதனை, முடிவு, கடைசியில் நாலு எண்கள். அந்த வரிசை நான் போட்ட வரிசை. இந்த உலகத்தில் வேறு யாரும் அதை அப்படிப் போட்டிருக்க மாட்டார்கள். என் கையெழுத்தை ஊரார் சத்தம்போட்டுப் படிப்பதைக் கேட்பதுபோல இருந்தது.

"என்னட்டி, ஏதாவது வெளங்குதா?" என்றார் மாமா.

"அது போன் நம்பரோட கடைசி நாலு எண் மாமா."

"பாத்தீகளா! படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்!" என்று கைதட்டினார்கள். நான் கைதட்டலை வாங்கிக்கொண்டேன், சோடாவையும் குடித்தேன். ராத்தூக்கத்தில்கூட அந்தச் சோடா தொண்டையில் நிற்கிறது.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்து, அந்த ஒரு வரியை அழித்து, அந்த இடத்தில் சரியானதை எழுதினேன். சான்றுக்குப் புதுத் தேதி போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அரைமணி நேர வேலை. அனுப்ப வேண்டிய ஒரு பொத்தான் மட்டும் மிச்சமிருந்தபோது ஜெபராணி அக்கா வந்தாள். எங்கள் வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள், ஊரில் அவளுக்கு அப்படிப் பழகிவிட்டிருந்தது. அம்மாதான் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்தாள்.

"இசக்கி, அந்த எறும்ப உன்னால அடைக்க முடியுமாமே? சித்தி சொன்னாங்க" என்றாள், அம்மாவைக் கைகாட்டி.

"முடியும்க்கா. இப்பவே அடைச்சிரலாம்."

"இப்ப வேண்டாம். எனக்குக் கடைசி டெஸ்ட்டு ரிசல்ட்டு வெள்ளிக்கிழமைதான் வருது. அது எறும்புல போகட்டும். அப்புறம் அடை."

"டாக்டரம்மாகிட்ட எழுதி வாங்கிக் காட்டுனா போதாதாக்கா?"

"காட்டாமலா? சீட்டு யாரும் எழுதி வாங்கலாம், எறும்பை யாரும் ஏவ முடியாதுங்காங்க. என்னைச் சீக்காளின்னு சொன்னது எறும்புதான், சொகமாயிட்டேன்னும் அதுவே சொல்லட்டும். பதினோரு பிள்ளைக்கு எதுக்குச் சமையல்காரின்னு ஹெட்மாஸ்டர் கேக்காரு. திங்கக்கிழமை வேற ஆளு போடச் சொல்லி எழுதிருவாராம். அந்தச் சம்பளத்துலதான் எம் மகன் படிக்கான்."

என்னால் அடைக்க முடியும் என்று சொன்னேனே தவிர, திறந்தது நான்தான் என்று சொல்லவில்லை. அவள் போகும்போது என் இரண்டு கைகளையும் பிடித்து, "நீ நல்லா இருப்ப" என்றாள். அதையும் வாங்கிக்கொண்டேன். அவளுக்காகத்தான் காத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது. அடைத்த நாளிலிருந்து கேள்விகள் தொடங்கும் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. அம்மாவிடம் மட்டும், "வெள்ளிக்கிழமையோட அடைச்சிருவேம்மா, அதுக்கப்புறம் யார் ரிப்போர்ட்டும் வெளிய தெரியாது" என்றேன். அம்மா, "வெள்ளிக்கிழமையோடயா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு நான் லேப்டாப்புடன் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணினேன். நாற்பத்தொரு பேர். முத்திரை தயாராக என் மடியில் இருக்க, நாற்பத்தொரு பேர் முத்திரையில்லாமல் சுவரில் நடந்து போனார்கள். அதில் ஒருவர் கொம்பையா அண்ணன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாகப் பிள்ளையில்லை, அந்தப் பன்னிரண்டு வருடமும் ஊர் அவர் மனைவி சண்முகக்கனி மதினியைத்தான் மலடி என்றது. எறும்புகள் அவருடைய விந்துப் பரிசோதனையைத் தூக்கி வந்தன. சீனிக்கனி அண்ணாச்சி பாதியில் குரலைத் தாழ்த்தினார், அது போதவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் கொம்பையா அண்ணன் ஒரு பையுடன் திருப்பூருக்குப் போய்விட்டார், யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஊரே பின்சுவரில் நின்றது. ஜெபராணி அக்கா கூட்டத்துக்கு வெளியே பஸ் ஸ்டாப் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா காலையிலேயே சந்தைக்கு என்று சொல்லிப் போயிருந்தாள். நான் லேப்டாப்பை மடியில் விரித்து, விரலைப் பொத்தானுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

இடப்பக்க விரிசலிலிருந்து வந்தது. சீனிக்கனி அண்ணாச்சி படித்தார்: "ஜெபராணி, 34, பள்ளிக்கூடத் தெரு."

அந்த நேரத்தில் வலப்பக்க விரிசலிலிருந்தும் எறும்புகள் இறங்கின. யாரோ ஒரு பையன் அதைப் படித்தான்: "வேலம்மாள், 51, காளியம்மன் கோவில் தெரு."

என் அம்மா.

சந்தைக்குப் போகவில்லை. நான் அடைத்துவிடுவேன் என்று நம்பி ஸ்கேன் எடுக்கப் போயிருக்கிறாள். அம்மாவின் பேருக்குப் பின்னால் அடுத்த எறும்பு விரிசலிலிருந்து தலையை நீட்டியது, அது என்ன எழுத்தைத் தூக்கி வருகிறது என்று பார்ப்பதற்கு முன்னால் என் விரல் அமுக்கிவிட்டது. நாற்பத்தொரு பேருக்கு நகராத விரல். யோசித்து அமுக்கினேன் என்று சொன்னால் அது பொய்.

எறும்புகள் நிற்கவில்லை, வந்துகொண்டேதான் இருந்தன. ஆனால் எழுத்துகள் ஒன்றோடொன்று சேரவில்லை. "சளிப் பரிசோதனை" என்று படித்த சீனிக்கனி அண்ணாச்சி அதற்கு மேல், "ழூ, நாலு, ஞெ, ஒம்போது" என்று திணறிவிட்டு, "என்ன எழவுல இது, ஒண்ணும் வெளங்கலையே" என்றார்.

"ரிசல்ட்டு வர்ற நேரத்துல எறும்பே வாயப் பொத்திட்டுன்னா, அப்ப எவ்வளவு மோசமா இருக்கும்?" என்றது ஒரு குரல். பிள்ளைகளின் கையைப் பிடித்திருந்த இரண்டு பெண்கள் தூணைவிட்டு விலகி நின்றார்கள். ஜெபராணி அக்கா என்னைப் பார்த்தாள். அம்மாவைத் தவிர ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் நான் மடியில் என்ன வைத்திருக்கிறேன் என்று தெரியும்.

நான் எழுந்தேன். "நான்தான் பொத்துனேன்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ராகு காலத்தை, தேங்காயை, அந்த ஒரு வரியை, திங்கட்கிழமைகளை, புதன்கிழமையே முத்திரை தயாராக இருந்ததை. புரிந்தவர்களும் புரியாதவர்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். கருத்தையா மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சண்முகக்கனி மதினி முன்னால் வந்தாள். அவள் கத்தவில்லை. "நேத்து எங்க வீட்டுக்காரர் பேரு வந்தப்பயும் இந்தப் பொத்தான் உன் மடியிலதான இருந்துச்சு?"

"ஆமா மதினி."

"உங்கம்மா பேரு வந்ததும் அமுக்கத் தெரிஞ்சுதா?"

"ஆமா மதினி."

மதினி திரும்பிப் போய்த் தன் பழைய இடத்தில் நின்றுகொண்டாள். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன், அதைக்கூட அவள் எனக்குத் தரவில்லை.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து அம்மா வந்தாள். கையில் ஸ்கேன் கவர் இருந்தது. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. என் பக்கம் திரும்பாமல், நேரே சுவரோரம் போய் நின்றாள்.

"சீனிக்கனி அண்ணாச்சி, எம் பேரு வரைக்கும் வாசிச்சாச்சுல்லா? மிச்சத்த நான் சொல்லுதேன், எல்லாரும் கேட்டுக்கிடுங்க. எனக்குக் கர்ப்பப்பை எறங்கி வெளிய வந்து நிக்கி. ஆறு வருசமா. துணியச் சுருட்டி உள்ள தள்ளிக் கட்டிக்கிட்டுத்தான் தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி மூட்டை தூக்குனேன். ஆப்பரேசன் பண்ணணுமாம். அவ்வளவுதான். ஊர்ல எல்லாரோடதும் தெரிஞ்சு போச்சு, என்னோடது மட்டும் என்ன உசத்தி?"

நாலேகால் பஸ் ஹாரன் அடித்துவிட்டு எஞ்சினை நிறுத்தியது. அம்மா தூணைப் பார்த்து, "ஜெபராணி, உன்னோடத சொல்லணும்னு தோணிச்சுன்னா நீயே சொல்லு தாயி, தோணலைன்னா வீட்டுக்குப் போ" என்றாள்.

ஜெபராணி அக்கா தூணை விட்டாள். "காலையிலயே டாக்டரம்மா சொல்லிட்டாங்க சித்தி. கிருமி இல்ல. நம்புதவங்க நம்புங்க." சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "திங்கக்கிழமை சாம்பார் சாதம், முட்டை. எத்தன பேருக்கு ஒல வைக்கணும்னு சொல்லிட்டா அரிசி ஊறப் போடுவேன்."

பெண்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார்கள், ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். புரியாத எழுத்துகளைத் தூக்கிக்கொண்டு எறும்புகள் எல்லாருடைய காலுக்கும் நடுவில் போய்க்கொண்டிருந்தன.

"எனக்கு ஒரு முட்டை எடுத்து வையி" என்றாள் சண்முகக்கனி மதினி. "பிள்ள இல்லாதவளுக்கும் போடுவேல்லா?"

அதற்கு யாரும் சிரிக்கத் துணியவில்லை, மதினியே சிரித்தாள், சிரித்தபடி அழுதாள். "எம் பிள்ளைக்கும் தட்டு குடுத்து விடுதேன்" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. அவ்வளவுதான் அன்றைக்கு. திங்கட்கிழமை எத்தனை தட்டு விழும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. கம்பெனியில் எனக்கு என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது. கூட்டம் கலைந்தது, என் நாற்காலியை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள்.

அம்மாவின் கையிலிருந்த கவரை வாங்கப் போனேன். அவள் அதைத் தரவில்லை, கோபமாகவும் பார்க்கவில்லை, முன்னால் நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். கால்களைச் சற்று அகட்டி, ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்து அவள் நடந்தாள். ஆறு வருடமாக அவள் அப்படித்தான் நடக்கிறாள். மூட்டுவலி என்று நான் நினைத்திருந்தேன் என்று எழுதலாம் என்று பார்த்தேன். அதுவும் பொய். நான் நினைக்கவே இல்லை.